வெளியிலிருந்து வரும் பணம்: மாலைப் பாடசாலைக்கு எந்த வழி ஏற்றது?

வடசென்னையின் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு பகுதிகளில் மாலை நேரப் பாடசாலை நடத்தும் சிறிய அறக்கட்டளைகள் சிலவற்றுக்கு நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். ஆடிட்டரிடம் கொண்டுபோவதற்கு முன்பு வரவு செலவு ஏடுகளை ஒழுங்குபடுத்துவதுதான் என் வேலை. ஆனால் ஏட்டை மூடியதும் பேச்சு எப்போதும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறது. "லண்டன்ல ஒரு அமைப்பு தர்றோம்னு சொல்றாங்கண்ணா, வாங்கலாமா வேணாமா?" என்று வியாசர்பாடித் தம்பி ஒருவர் கேட்டார். இன்னொருவருக்குச் சிங்கப்பூரில் உறவினர் இருக்கிறார். மற்றொருவரின் மையத்தை மணலிப் பக்கத்து ஆலை ஒன்றின் அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "வாங்கலாமா" என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சட்டமும் வேறு, காலக்கணக்கும் வேறு. அவரவர்க்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், வரும் பணம் எதை வாங்க அனுமதிக்கிறது என்பது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடியறை மையத்தில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் "மீன்வலை" என்ற சொல்லைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். அரசு கொடுத்த பாடநூலுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு மடிப்புக் கலையாமல் வைத்திருந்தவள் அவள். "மீ" என்று தொடங்கி நிறுத்தினாள், "ன்" வந்தது, "வ" வந்தது, லகரத்தின் முன் நிற்கும் சங்கிலிக் கொம்பு அவளுக்குப் பிடிபடவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் வலை பின்னுகிறவர். அவளிடம் இல்லாதது புத்தகமோ பையோ பலகையோ அல்ல. ஐந்தாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுத்து அட்டைகளோடு அவள் பக்கத்தில் தினமும் அரைமணி நேரம் உட்கார ஓர் ஆள் இல்லை.

உலக அளவில் கல்வி உதவியைப் பற்றி நடந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. கென்யாவில் பள்ளிகளுக்குப் பாடநூல் வழங்கியதை ஆராய்ந்தபோது, ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டுமே அது பயன்பட்டது தெரிந்தது. மற்றவர்களால் அந்த ஆங்கில நூல்களைப் படிக்கவே முடியவில்லை. பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்த திட்டத்தைப் பற்றி 2012இல் வந்த ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதையும் காணவில்லை. பொருளியல் அறிஞர் அபிஜித் பானர்ஜியும் கல்வித் தொண்டு அமைப்பான பிரதமின் ருக்மிணி பானர்ஜியும் உறுப்பினர்களாக இருந்த நிபுணர் குழு 2020இல் வெளியிட்ட அறிக்கை, வயதைப் பார்க்காமல் பிள்ளை இருக்கும் நிலையைப் பார்த்துக் கற்பிப்பதை நல்ல செலவுகளின் வரிசையில் வைத்தது. மற்றக் குறைகளைத் தீர்க்காமல் பொருள்களை மட்டும் கொடுப்பதை வீண்செலவின் பக்கம் தள்ளியது. நம் மாநிலத்திலேயே, கொரோனாவுக்குப் பின் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வு, மீண்டு வந்த கற்றலில் 24 சதவீதம் "இல்லம் தேடிக் கல்வி"யால் வந்தது என்று கணித்தது. அந்தத் திட்டத்தின் முக்கியச் செலவு, தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தப் பணத்தில் மதிப்பூதியம் கொடுக்க முடியுமா? ஒரு மையத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாற்பது பிள்ளைகள், கற்பிக்கும் அக்காக்கள் இருவர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,20,000. அறை வாடகை மாதம் 6,000 வீதம் 72,000. பிள்ளைக்கு எட்டு ரூபாய்ச் சுண்டல், மாதம் 22 நாள் என்றால் ஆண்டுக்கு 84,480. மொத்தம் 2,76,480 ரூபாய். இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே திரும்பத் திரும்ப வரும்.

இரண்டாவது அளவுகோல், பணம் நிற்கும் நாள். வரும் நாளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், நிற்கும் நாளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நம் பகுதியின் முதியவர்கள் கேர் நிறுவனத்தின் கோதுமை ரவையையும் பால் பவுடரையும் இன்றும் நினைவுகூர்வார்கள். காமராஜர் ஆட்சியில் பரவிய மதிய உணவுக்கு 1961 முதல் அந்த அமெரிக்க உதவி வந்தது. அது நின்ற பின்னும் பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை என்றால், காரணம் மாநில அரசு 1982இல் சத்துணவுத் திட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்து விரிவாக்கியிருந்தது. (வண்ணாரப்பேட்டைக்காரரான பிட்டி தியாகராயர் 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் உணவு கொடுக்கச் செய்ததும் உள்ளூர்ப் பணத்தில்தான்.) ஆனால் எல்லா உதவிக்கும் பின்னால் தாங்கிப் பிடிக்க ஓர் அரசு இருப்பதில்லை. பிரிட்டன் 2012இல் இந்தியாவுக்கான நிதியுதவியை 2015க்குள் முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அமெரிக்க அரசு 2025 ஜனவரி 20 அன்று வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஜூலையில் அதன் உதவி முகமையே செயல்பாட்டை முடித்துக்கொண்டது. சுனாமிக்குப் பின் திருவொற்றியூர் கார்கில் நகரின் தற்காலிகக் குடியிருப்பில் நான் பார்த்த பெயர்ப்பலகைகள் எத்தனையோ. பலகைகள் நிலைத்த அளவுக்கு அமைப்புகள் நிலைக்கவில்லை.

மூன்றாவது, வாங்குவதற்கே ஆகும் செலவு: ஆடிட்டர் கட்டணம், அறிக்கை, ஓடியாடும் நேரம். நான்காவது, பிள்ளையின் மீது ஏறும் சுமை. இவை இரண்டையும் ஒவ்வொரு வழியிலும் பார்ப்போம்.

## முதல் வழி: வெளிநாட்டு நிதியை நேரடியாகப் பெறுதல்

லண்டன் அமைப்பு நேராக உங்கள் அறக்கட்டளைக்கு அனுப்ப வேண்டுமானால், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும், அல்லது முன் அனுமதி வேண்டும். நம் வட்டாரத்தில் எஃப்சிஆர்ஏ என்று சொல்வது இதைத்தான். பதிவுக்கு அமைப்பு மூன்றாண்டுகளாக இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று நிதியாண்டுகளில் முதன்மைப் பணிக்காக மட்டும் 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்கவும் வேண்டும். மேலே போட்ட கணக்கின்படி ஒரு மையம் மூன்றாண்டில் செலவிடுவது 8,29,440 ரூபாய்தான். ஒரே மையம் நடத்துகிறவருக்கு எத்தனை நல்ல பெயர் இருந்தாலும் பதிவு கிடைக்காது. இரண்டு மையம் நடத்துகிறவர் 16,58,880 என்று மயிரிழையில் தேறுவார்.

தேறாதவர்க்கு முன் அனுமதி உண்டு. அது ஒரு குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட நோக்கம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்துத் தரப்படுவது. கொடையாளரின் உறுதிக் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். எந்த வழியானாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். அங்கிருந்து நம் ஊர் வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். அறங்காவலர்கள் எல்லோரும் ஆதார் எண் தர வேண்டும். பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். ஆண்டறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31க்குள் சமர்ப்பிக்க வேண்டும். பணமே வராத ஆண்டிலும் பதிவு பெற்றவர் சமர்ப்பித்தாக வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு நிர்வாகச் செலவின் உச்சவரம்பில் இருக்கிறது. முன்பு 50 சதவீதமாக இருந்த அது இப்போது 20 சதவீதம். கற்பிக்கும் ஆசிரியரின் ஊதியம் நிர்வாகச் செலவில் சேராது என்பது நமக்கு நல்லது. ஆனால் கணக்கெழுதுபவர், ஆடிட்டர், அலுவலக வாடகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 2,76,480 ரூபாயில் ஓடும் மையத்துக்கு இந்தச் சட்டம் கேட்கும் கணக்கு வேலை, 50 லட்சத்தில் ஓடும் நிறுவனத்துக்குக் கேட்பதைவிடப் பெரிதாகக் குறைந்துவிடாது. சிறியவர் தலையில் அதே மூட்டைதான் ஏறுகிறது.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே அறுத்துவிட வேண்டும். "எழும்பூர்ல ஒரு பெரிய தொண்டு நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ இருக்கு, அவங்க வாங்கி நமக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க" என்பார்கள். 2020க்கு முன் அப்படி நடந்தது. இப்போது ஒருவர் பெற்ற வெளிநாட்டு நிதியை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கச் சட்டம் தடைவிதிக்கிறது. அவர்கள் உங்கள் தெருவில் தாங்களே மையம் நடத்தலாம். பணம் உங்கள் கணக்குக்கு வர முடியாது.

## இரண்டாம் வழி: ஒரு பிள்ளைக்கு ஒரு கொடையாளர்

ஸ்பான்சர்ஷிப் என்ற பெயரில் பெரிய பன்னாட்டு அமைப்புகள் நடத்துவது இது. வெளிநாட்டில் ஒரு குடும்பம், இங்கே ஒரு பிள்ளை. இடையில் படமும் கடிதமும். இதைக் கேலி செய்கிறவர்கள் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும்: கம்பாஷன் இன்டர்நேஷனல் அமைப்பின் திட்டத்தை இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, உதவி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட ஓராண்டு முதல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் பள்ளியில் படித்ததைக் கண்டது. நீண்டகால உறவு பலன் தருகிறது.

அதே அமைப்பு, நிதி அனுப்புவதற்கு முன்கூட்டிய ஒப்புதல் வேண்டும் என்ற மத்திய அரசின் பட்டியலில் 2016இல் சேர்க்கப்பட்டு, 2017 மார்ச்சில் இந்தியப் பணியை மூடியபோது ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகளின் உதவி நின்றது. இரண்டாவது அளவுகோலை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

பிள்ளையின் சுமை இந்த வழியில்தான் மிகுதி. நாற்பது பேர் உட்காரும் அறையில் பன்னிரண்டு பேருக்கு மட்டும் பிறந்தநாள் அட்டை வந்தால் மற்ற இருபத்தெட்டுப் பேர் அக்காவைத்தான் பார்ப்பார்கள். கடிதம் எழுதும் வாரத்தில் பாடம் நடக்காது. எழுதத் தெரியாத பிள்ளைக்கு அக்காவே சொல்லிக்கொடுத்து எழுத வைப்பார், அது எழுத்துப் பயிற்சியும் ஆகாது, கடிதமும் ஆகாது. உங்கள் மையத்தையே அவர்கள் தங்கள் திட்டமாக எடுத்து நடத்த முன்வந்தால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் உதவி பிள்ளைவாரியாக அல்லாமல் மையம் முழுவதற்கும் செலவாகுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

## மூன்றாம் வழி: கடல் தாண்டியிருக்கும் நம் ஆட்களும் தெருப் பணமும்

என் சொந்தச் சாய்வு இந்த வழியின் பக்கம் என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் நான் வழுக்கி விழுந்ததும் இங்கேதான்.

வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாகத் தரும் பணத்தைச் சட்டம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதுவதில்லை. துபாயில் வேலைபார்க்கும் ராயபுரம் பையன் தாராளமாகத் தரலாம். ஆனால் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், இங்கே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பெரியப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து 50,000 ரூபாயை அறக்கட்டளைக் கணக்கில் போட்டுவிட்டுத் தொலைபேசியில் சொன்னார். அவருடைய பாஸ்போர்ட்டின் நிறம் எப்போதோ மாறிவிட்டது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஆடிட்டர் அந்தப் பணத்தைத் தொடவே கூடாது என்றார். திருப்பி அனுப்ப வங்கியில் கடிதத்துக்கு மேல் கடிதமாக ஆறு வாரம் பிடித்தது. அண்ணி இன்னும் ஒரு மாதிரியாகத்தான் பேசுகிறார். "என் பேருக்கு அனுப்பட்டும், நான் என் பேர்ல போட்டுடறேன்" என்று யாராவது குறுக்குவழி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கை மாறினாலும் அது வெளிநாட்டுப் பணமே. முதல் ரூபாய்க்கு முன்பே பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைப்பதுதான் வழி.

இதோடு தெருவின் மாதச் சந்தாவைச் சேர்க்கலாம். எண்பது பேர் மாதம் 300 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 2,88,000. நாம் போட்ட மையச் செலவைத் தாண்டிவிடுகிறது. எதற்கும் செலவிடலாம், யாரிடமும் முன் அனுமதி கேட்க வேண்டாம், ஒருவர் விலகினால் எழுபத்தொன்பது பேர் இருப்பார்கள்.

மறைந்திருக்கும் செலவு வசூலிக்கும் உழைப்பு. மாதம் எண்பது வீட்டுக் கதவைத் தட்ட யாரோ ஒருவர் வேண்டும், அவர் பெரும்பாலும் கற்பிக்கும் அக்காவாகவே இருந்துவிடுகிறார். அடுத்தது பருவம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; காசிமேட்டுக் குடும்பங்களின் கை வறண்டிருக்கும் அதே நேரத்தில்தான் ஜூன் மாதப் பள்ளித் திறப்பும் வருகிறது. மூன்று மாதச் செலவுக்கான கையிருப்பு இல்லாமல் இந்த வழியை மட்டும் நம்பக் கூடாது. நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் 80ஜி ரசீதைக் காட்டி வசூலித்த காலமும் மங்கிவருகிறது. புதிய வருமான வரி முறைக்கு மாறிய சம்பளக்காரருக்கு அந்தக் கழிவு இல்லை.

## நான்காம் வழி: ஆலைகளின் சிஎஸ்ஆர் நிதி

2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. சிஎஸ்ஆர் என்பது இதுதான். தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. மணலி, எண்ணூர்ப் புகையைச் சுவாசிக்கும் நமக்கு அந்த வட்டார முன்னுரிமை ஓர் உரிமையைப் போன்றது. கேட்கத் தயங்க வேண்டாம். வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், நிறுவன விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவும், மூன்றாண்டு அனுபவமும் வேண்டும்.

சிக்கல் மார்ச் மாதத்தில் இருக்கிறது. நிதியாண்டுக்குள் செலவைக் காட்ட வேண்டியவர்களுக்கு மேசை, நாற்காலி, திரை போன்றவை வசதி. மாதந்தோறும் ஓடும் மதிப்பூதியம் வசதியில்லை. எனக்குத் தெரிந்த மையம் ஒன்றில் மார்ச் கடைசி வாரம் ஒரு ஸ்மார்ட் போர்டு வந்து இறங்கியது. மாடியறையின் மின் இணைப்பு அதைத் தாங்காது. இப்போது பழைய சேலை ஒன்றால் மூடி வைத்திருக்கிறார்கள், மேலே சுண்டல் பாத்திரம் இருக்கிறது. சட்டமோ "தொடர் திட்டம்" என்ற பெயரில், தொடங்கும் ஆண்டு நீங்கலாக மூன்றாண்டு வரை நீளும் திட்டங்களை அனுமதிக்கிறது. எனவே அதிகாரி வந்தால் பொருள் பட்டியலைக் கொடுக்காமல், மூன்றாண்டுக்கான மதிப்பூதியக் கணக்கைக் கொடுங்கள். மார்ச்சில் அல்ல, ஆண்டுத் திட்டம் போடும் ஏப்ரல், மே மாதங்களில் கொடுங்கள்.

## ஐந்தாம் வழி: பணத்தைப் பள்ளிக்கே திருப்பிவிடுதல்

கொடையாளர் கட்டடமோ கழிப்பறையோ ஆய்வகமோ தர விரும்பினால் அதை நம் வாடகை மாடிக்குள் திணிக்க வேண்டாம். 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தில் அரசுப் பள்ளியையும் அதன் தேவையையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்க முடியும். பெரிய வெளிநாட்டு நிதி எப்படியும் அரசு வழியாகவே வருகிறது: பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் கடனும் ஐரோப்பிய ஒன்றியத்தின் மானியமும் துணைநிற்கும் நகரத் திட்டத்தில் சென்னை மாநகராட்சியின் 28 பள்ளிகள் 95.25 கோடி ரூபாயில் மேம்பாட்டுக்கு எடுக்கப்பட்டன. அந்தப் பணத்தில் நமக்குப் பங்கு கிடையாது, அதைக் கவனிக்கும் இடம் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். நம் மையத்துத் தாய்மார்கள் அங்கே போய் உட்கார ஒரு ரூபாயும் செலவில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | மதிப்பூதியம் தரலாமா | வாங்கும் சுமை | நிறுத்தும் முடிவு யாருடையது |
|---|---|---|---|
| எஃப்சிஆர்ஏ பதிவு | தரலாம் | மிக அதிகம் | கொடையாளர், மத்திய அரசு |
| முன் அனுமதி | அனுமதித்த நோக்கத்துக்குள் தரலாம் | அதிகம், ஆனால் ஒருமுறை | தொகையோடு முடிகிறது |
| பிள்ளைவாரி உதவி | அமைப்பின் விதியைப் பொறுத்தது | பிள்ளை மீதும் அக்கா மீதும் | கொடையாளர், அமைப்பு, அரசு |
| உறவினர், தெருச் சந்தா | தரலாம் | வசூல் உழைப்பு | பலர். ஒரே நாளில் நிற்காது |
| சிஎஸ்ஆர் | பேசி வாங்க வேண்டும் | நடுத்தரம் | நிறுவனத்தின் ஆண்டு முடிவு |
| பள்ளிக்கே கொடுத்தல் | இல்லை | குறைவு | கேள்வி எழாது. பொருள் பள்ளியில் நிற்கும் |

## யாருக்கு எது

ஒரே மையம், நாற்பது பிள்ளைகள் என்றால் மூன்றாம் வழியை முதுகெலும்பாக வையுங்கள். சிஎஸ்ஆரில் மூன்றாண்டு மதிப்பூதியம் கிடைத்தால் சந்தாவைக் கையிருப்பாகச் சேருங்கள், நிறுத்திவிடாதீர்கள். மூன்று நான்கு மையங்கள், சம்பளத்துக்கு ஒரு கணக்காளர், பத்தாண்டுப் பழக்கமுள்ள அயல்நாட்டுக் கொடையாளர் ஆகியவை இருப்பவருக்கு எஃப்சிஆர்ஏ பதிவு பொருந்தும். அவர்களும் அன்றாட வாடகையையும் மதிப்பூதியத்தையும் முழுக்க அதன்மேல் ஏற்றக் கூடாது. ஆசிரியர் பயிற்சி, எழுத்து அட்டைகளும் கதைப் புத்தகங்களும் அச்சிடுதல் போல, தொடங்கி முடிகிற வேலைக்கு முன் அனுமதி ஏற்றது. பணம் முடியும்போது வேலையும் முடிந்திருக்கும், யாரும் தெருவில் நிற்க மாட்டார்கள்.

வியாசர்பாடித் தம்பிக்குச் சொன்னதும் இதைத்தான். லண்டன்காரர்கள் முதலில் பையும் ஷூவும் தருவதாக இருந்தார்கள். இரண்டு மையத்து அக்காக்களுக்கும் ஓராண்டுப் பயிற்சி, எழுத்து அட்டைகள், ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அலமாரி கதைப் புத்தகம் என்று மாற்றி எழுதி, தொகையும் நோக்கமும் குறிப்பிட்ட உறுதிக் கடிதம் கேட்டிருக்கிறார். கடிதம் வந்தால் முன் அனுமதிக்கு விண்ணப்பிப்போம். ஜூன் மாத வாடகைக்குச் சந்தா ஏட்டில் இன்னும் பதினேழு பெயர் குறைகிறது; ஞாயிற்றுக்கிழமை காலை முல்லை நகர்ப் பக்கம் போவதாகச் சொல்லியிருக்கிறோம்.